ஷரீஃபா நடந்த ஒன்றரைக் கிலோமீட்டர்

செம்பாக்கத்தில் ஷரீஃபா நடந்தால் மட்டும் தெரு நீளும். கணவர் அயூப்பை அடக்கம் செய்த மறுநாள் காலை முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனவர், மத்தியானம்தான் வீடு திரும்பினார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். மற்றவர்கள் மூன்று நிமிடத்தில் கடக்கிற தூரத்தில், அவருக்கு மட்டும் யாரும் குடிவராத வீடுகளும் பெயர்ப்பலகை இல்லாத சந்துகளும் முளைத்து நின்றன. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாலும் அதே கதைதான். மனு கொடுத்ததில் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து, ரோடு சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். ஷரீஃபாவின் கையைப் பிடித்து நடப்பவர்களுக்கும் தெரு நீண்டதால், நாளடைவில் யாரும் கையைப் பிடிப்பதில்லை. ஷரீஃபா தையல் மிஷினோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஏரிக்கரைத் தண்ணீர்த் தொட்டிக்கு நாற்பது வயதானபோது குடியிருப்போர் சங்கம் தொட்டி வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடைப்பயணம் ஒன்று வைத்தது. தொட்டியைக் கட்டிய கொத்தனார்களில் அயூப்பும் ஒருவர். காலை ஏழு மணிக்கு, சங்கம் கொடுத்த வெள்ளைத் தொப்பியை முக்காட்டின் மேலேயே மாட்டிக்கொண்டு ஷரீஃபா வந்து நின்றார். செயலாளர் தயாளனின் முகம் தொங்கிப்போனது.

"அக்கா, எட்டு மணிக்கெல்லாம் ஃபங்ஷன முடிக்கணும்..."

"நீங்க போங்க சார். நான் வர்றப்ப வர்றேன்."

பக்கத்து வீட்டு ஜோவிதா, வாரம் முழுக்க விடைத்தாள் திருத்தி அலுத்துப்போயிருந்த கணக்கு டீச்சர், வந்து ஷரீஃபாவின் கையைப் பிடித்தார்.

"விடும்மா, உன் ஞாயித்துக்கெழம வீணாப் போயிடும்."

"வீட்ல இருந்தாலும் வீணாத்தான்க்கா போகும். நடங்க."

நூற்றிருபது பேர் பேண்டு வாத்தியத்தோடு முன்னால் போய் மறைந்தார்கள். இவர்களுக்குத் தெரு நீண்டது. பதினோரு மணிக்கு ஜோவிதாவின் செருப்பு வார் அறுந்தது. ஒரு மணிக்கு, பூட்டிய வீடு ஒன்றின் படியில் உட்கார்ந்து, அங்கிருந்த குழாயில் தண்ணீர் குடித்தார்கள்.

"இவ்ளோ தூரமும் தனியாவாக்கா நடந்தீங்க?"

ஷரீஃபா பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "நடை பழகிடுச்சும்மா. பேச ஆளில்லாததுதான் பேஜாரு."

ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். தயாளன் மட்டும் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். ஷரீஃபா தொட்டியின் தூணில் முதுகைச் சாய்த்து, அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒழுகல," என்றார். "நல்லாத்தான் கட்டியிருக்காரு மனுஷன்."

அடுத்த வருட நோட்டீசில், நடைப்பயணம் காலை ஏழு மணிக்கு என்பதற்குக் கீழே சங்கம் ஒரு வரி சேர்த்தது: ஷரீஃபா அவர்களுடன் நடப்பவர்கள் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வரவும். பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள்.