ஞாயிற்றுக்கிழமை காபி

சத்யபிரியா சேலத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை, இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் விடுதியில் வாசம். சென்ற மாதம் விடுதியில் புதிதாக ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள உள்ளூரில் ஒருவர்' என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துவிட்டு, கடைசியில் விடுதி வார்டனின் பெயரையே எழுதிக் கொடுத்தாள். வார்டன் சிரித்துவிட்டார். சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு ஆள் பழக்கம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க மனிதர்களைத் தொட்டுத்தான் வேலை. தோள்பட்டை, முதுகு, முட்டி. எல்லோரும் வலியைப் பற்றிப் பேசுவார்கள், வலி போனதும் அவர்களும் போய்விடுவார்கள். அறைத்தோழி தேவிப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் காதிலிருந்து போன் இறங்குவதே இல்லை. முப்பத்தொரு வயதில் சத்யபிரியா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கதையையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிராத ஒரு ஆள். அந்த ஆள் மீது காதலும் வந்தால் இன்னும் நல்லது. வராவிட்டாலும் பரவாயில்லை.

மோகன்குமார் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தது அப்போதுதான். அப்பா சின்னண்ணன் எருமப்பட்டியில் தோட்டம் வைத்திருப்பவர். முட்டி மாற்று அறுவை முடிந்து மகன் வீட்டில் தங்கியிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. மோகன்குமார் ஒரு வங்கியில் வேலை பார்த்தான். முதல் இரண்டு வாரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தவன், மூன்றாவது வாரம் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தான்.

"நீங்க லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் அவள்தான் கேட்டாள்.

"சினிமாவுக்குப் போவனுங்க. தனியாத்தான். பக்கத்து சீட்டுல பைய வெச்சுக்குவேன்."

"எதுக்கு?"

"ஆளு வாராங்கன்னு நெனச்சுக்குவாங்கல்லீங்க. ஆனா இடைவேளையில எந்திரிச்சுப் போறப்ப அந்தப் பைய யாருகிட்டப் பாத்துக்கச் சொல்றதுன்னு தெரியாது. தூக்கிட்டே போயிருவேன்."

அவள் சின்னண்ணனின் காலைப் பிடித்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அன்று முழுவதும் அதை நினைத்துக்கொண்டே இருந்தாள். தன்னைப் போலவே இந்த ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறான். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சு நிற்கவில்லை. படம், பஸ், மெஸ் சாப்பாடு, தூக்கம் வராத விஷயம் எல்லாம் பேசினார்கள். ஆறாவது வாரம், அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் துணிந்து கேட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு காபி குடிக்கலாமா?"

அவன் காதெல்லாம் சிவந்தது. "ஆகட்டுங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவள் காபிக் கடையில் இருவர் உட்காரும் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஐந்தேகாலுக்கு மோகன்குமார் வந்தான். பின்னாலேயே பட்டுப்புடவையில் அவன் அம்மா சௌந்திரம் வந்தார். கையில் ஒரு பையில் ஆப்பிளும் பூவும் இருந்தன.

கடைக்காரர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்லா இருக்கியா சாமி? இவிங்கப்பா உன்னப் பத்தியேதான் பேசுவாரு. கை ராசின்னுவாரு," என்று சௌந்திரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல கதகதப்பான கை. "அப்பா என்ன பண்றாருங்க?"

"தறி வெச்சிருக்காருங்கம்மா. பள்ளிபாளையத்துல."

"பள்ளிபாளையமா? அங்க நம்மாளுங்க நெறையப் பேரு இருக்காங்களே. நீங்க எந்தக் கூட்டமுங்க?"

சாதிக்குள் எந்தக் குலம் என்று கேட்கிறார் என்பது சத்யபிரியாவுக்குத் தெரியும். "எங்களுக்கு அப்படிக் கூட்டமெல்லாம் இல்லீங்கம்மா. நாங்க நெசவுக்காரங்க."

"ஓ... அப்படிங்களா," என்றார் சௌந்திரம். கையை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாக எடுத்துக்கொண்டார். பிறகு முட்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். மாடிப்படி எப்போது ஏறலாம், கீழே உட்கார்ந்து சாப்பிடலாமா, எண்ணெய் தேய்க்கலாமா. சத்யபிரியா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். காபி ஆறிப்போனது. மோகன்குமார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சௌந்திரம் கைகழுவ எழுந்து போனதும் அவள் கேட்டாள். "காபி குடிக்கலாமான்னுதானே கேட்டேன்?"

"ஒரு பொண்ணு அப்படிக் கேட்டா வேற என்னங்க அர்த்தம்?" அவன் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "எட்டு வருசமா பொண்ணு பாக்கறாங்க. ஒண்ணும் அமையல. நீங்களாக் கேட்டதும் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அவிங்க சந்தோசத்தப் பாத்ததும் வர வேண்டாம்னு சொல்ல முடியலீங்க."

"நாம இத்தன நாளாப் பேசுனது?"

"அது நல்லா இருந்துச்சுங்க. நெசமாவே." அவன் நிமிர்ந்தான். "நாம பிரண்ட்ஸா இருக்கலாமுங்க."

"இருக்கலாம். அடுத்த ஞாயிறு படத்துக்குப் போலாமா? உங்க பைய நான் பாத்துக்கறேன்."

அவன் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்தது. உடனே கைகழுவும் இடத்தைத் திரும்பிப் பார்த்தான். "அது... யாராச்சும் பாத்துட்டா? எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்கல்லீங்க."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. காதல் வேண்டுமென்றால் குறுக்கே சாதி. நட்பு வேண்டுமென்றால் குறுக்கே இன்னும் கண்ணில்கூடப் படாத ஒரு கல்யாணப் பெண். தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சௌந்திரம் வழியில் நிறுத்தி, ஆப்பிள்களை அவள் கையில் திணித்தார். "மனசுல வெச்சுக்காத சாமி. நீ நல்ல புள்ள," என்றார். அதை மறுத்துப் பேசவும் முடியவில்லை.

விடுதிக்கு வந்தபோது தேவிப்ரியா கட்டிலில் படுத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தேவி, இன்னிக்கு என்னாச்சு தெரியுமா?"

தேவிப்ரியா ஒரு விரலைக் காட்டினாள். "ஒரு நிமிசங்க்கா."

சத்யபிரியா ஆப்பிளை நறுக்கி இரண்டு தட்டுகளில் வைத்துக் காத்திருந்தாள். துண்டுகள் பழுப்பேறின. அந்த ஒரு நிமிடம் முடியவே இல்லை. தன் தட்டிலிருந்ததைத் தின்று முடித்து, தேவிப்ரியாவின் தட்டிலிருந்ததையும் தின்றாள்.

மறுநாள் காலை சின்னண்ணன் தனியாகக் கைத்தடியோடு உள்ளே வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது போலிருந்தது. சத்யபிரியா அவர் முட்டியை மடக்கினாள்.

"அய்யோ! இன்னிக்கு ஏஞ்சாமி இந்த அமுக்கு அமுக்கற?"

அவள் சட்டென்று கையை எடுத்தாள். "மன்னிச்சுக்குங்கய்யா. தெரியாம அழுத்திட்டேன்."

"பரவால்ல உடு. இந்த மோகனப் பாரு, இந்த வெயில்ல காருக்குள்ளயே உக்காந்திருக்கான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கறான்."

பத்து நிமிட ஒத்தடத்துக்கு அவரைப் படுக்க வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். கார் வேப்பமரம்கூட இல்லாத வெட்டவெயிலில் நின்றது. கண்ணாடியைத் தட்டினாள். அது பாதி இறங்கியது. மோகன்குமாரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"உள்ள வந்து உக்காருங்க. ஃபேன் இருக்குது."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்றுதான் அவள் நின்றாள்.

"பரவால்லீங்க," என்றான்.

கண்ணாடி மேலேறியது. அவள் திரும்பி நடந்தாள். உள்ளே வந்ததும், "அடுத்தது யாருங்க?" என்று கேட்டாள். குரல் அத்தனை சத்தமாக வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்றார்கள்.