முடியாத சுரம்

மஸ் பிரமோனோ எழுதிய இசையின் கடைசிச் சுரம் எங்கள் சோலோ நகரத்து மண்டபத்தில் பல வருடங்களாக நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். முதுகு சாய்த்தால் தாங்கும்.

பிரமோனோ ஆம்ஸ்டர்டாமில் படித்துத் திரும்பியவர்; மரியாதைக்கு 'மஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். எங்கள் கமெலான் குழுவின் வெண்கல வாத்தியங்களையும் ஜகார்த்தாவிலிருந்து வந்த நான்கு வயலின்காரர்களையும் சேர்த்து ஒரு பெரிய உருப்படி எழுதினார். எங்கள் வெண்கலத்தின் சுருதி வயலினின் இரண்டு சுரங்களுக்கு நடுவே எங்கோ விழும். கடைசியில் இரண்டும் ஒன்றாக ஒலித்து உரச வேண்டும், அந்த உரசல்தான் அழகு என்றார். நாங்கள் தலையாட்டினோம். புரியாததற்குத் தலையாட்டுவதில் எங்கள் குழுவை யாரும் மிஞ்ச முடியாது. எங்களில் பாடுகிறவளும் அவர் மனைவியுமான வெனிங் மட்டும் மறுத்தாள்.

"அது உரசல் இல்ல மஸ், சண்டை. அதத்தான் வீட்லயே தினம் கேக்குறேனே. இதுல நான் மூச்சு விடக்கூட எடம் இல்ல, பாட மாட்டேன்."

அரங்கேற்றத்தன்று கடைசிக் கோங் மணியை அடித்தோம், வயலின்காரர்கள் வில்லை இறக்கினார்கள். சுரம் மட்டும் ஓயவில்லை. கைதட்டக் காத்திருந்தவர்கள், இசை முடியாமல் கைதட்டுவது நாகரிகமில்லை என்று சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். இதுதான் நவீன இசை என்று நாங்கள் ஊரெல்லாம் பெருமையடித்தோம். வேறென்ன சொல்வது?

பிரமோனோ மின்விசிறி வைத்து ஊதிப் பார்த்தார். திட்டினார். கும்பிட்டார். பிறகு அதன் பக்கத்திலேயே பாயை விரித்து, அது ஓயும் நொடியில் வரப்போகும் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். வெனிங் ஸெமராங்கில் இருந்த தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மழைக்காலம் கழித்து, விட்டுப்போன துணிகளை எடுக்க வந்தாள். இளைத்துப்போய்ச் சுரத்தின் மேல் சாய்ந்து கிடந்தவரைப் பார்த்தாள்.

"நிக்காம ஒலிக்கட்டும்னு நான் எழுதல, வெனிங்."

"நீங்க என்னிக்கு அடுத்தவங்க பேசட்டும்னு நிறுத்தியிருக்கீங்க?"

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. வெனிங் பையைக் கீழே வைத்துவிட்டு மெல்லப் பாடினாள், எங்கள் சுருதியிலும் இல்லை, வயலின் சுருதியிலும் இல்லை. சுரம் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது. பிரமோனோ அதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பாயில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார்.

அவள் ஸெமராங் திரும்பவில்லை. நாங்களும் இப்போது அந்தச் சுரத்துக்குத்தான் சுருதி சேர்க்கிறோம், ஏறக்குறைய. போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு இசைவிழாக்காரர் தொலைபேசியில் மஸ் பிரமோனோவைக் கேட்டார். வெனிங்தான் எடுத்தாள்.

"கச்சேரி இன்னும் நடந்துட்டு இருக்குங்க. முடிஞ்சதும் கூப்பிடச் சொல்றேன்."