பதினொரு நொடி அலறல்

பழைய பேய்ப்படத்தைத் திரும்ப எடுக்கிறவர்களுக்கு நல்ல பேர் கிடைப்பதே இல்லை. நன்றாக வந்தால் "அதான் அவரு அப்பவே எடுத்துட்டாரே" என்பார்கள். சொதப்பினால் "இவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்பார்கள். இது நன்றாகத் தெரிந்தும் கத்திரி இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. எவ்வளவு பெரிய நடிகர் நடித்த காட்சியானாலும் ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டித் தள்ளுகிற எடிட்டர் என்பதால் ஸ்டுடியோவில் ஒட்டிக்கொண்ட பேர். இப்போது பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அசல் படம் அவள் வீட்டுச் சொத்து. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அதை இயக்கியவர் அவளுடைய அப்பா. கதாநாயகி அவளுடைய அம்மா. அம்மா நடித்த முதல் படமும் அதுதான், கடைசிப் படமும் அதுதான். படம் ஓடி முடிந்ததும் கல்யாணம், அப்புறம் சமையலறை. "உச்சத்துல இருக்கும்போதே விட்டுட்டா, மகராசி" என்று அப்பா இன்றைக்கும் மேடை கிடைத்தால் சொல்வார்.

அந்தப் படத்தில் எல்லோரும் பேசுவது ஒரே ஒரு ஷாட்டைத்தான். பேய் துரத்த, பெண் மர அலமாரிக்குள் ஒளிகிறாள். கதவு தானாக அறைந்து சாத்திக்கொள்கிறது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் அவள் முகம், ஒரு அலறல், பதினொரு நொடி. அவ்வளவுதான். பேயைக்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் தியேட்டரில் தைரியசாலிகள் எல்லாம் பக்கத்து சீட்டுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டார்களாம்.

புதுப் படத்திலும் அதே ஷாட் அப்படியே வேண்டும் என்று புது டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். அதனால் கத்திரி இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இடது பக்கம் அம்மா, வலது பக்கம் ஒத்திகையில் எடுத்த புதுப் பெண். சும்மா சொல்லக் கூடாது, புதுப் பெண் அழகாக இருந்தாள். ஆனால் கத்துகிறேன் பேர்வழி என்று பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி முனகிக்கொண்டிருந்தாள். ஆலோசகராக வந்து உட்கார்ந்திருந்த அப்பா ஒரு வாரமாகத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பயப்படவே தெரியல. உங்கம்மாவைப் பாரு. அது நடிப்பு!"

இன்று காலை எடிட்டிங் அறையில் கத்திரி தனியாக இருந்தாள். கீழே தளத்தில் அந்த ஷாட்டுக்குத்தான் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அசல் கதாநாயகி வந்து பார்க்க வேண்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டதால் அம்மாவும் வந்து பக்கத்து அறை சோபாவில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதற்கு முன்னால் எந்தக் காட்சியையும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது கத்திரியின் வழக்கம். சத்தம் ஆளை ஏமாற்றிவிடும் என்பது அவள் கட்சி. ஆனால் இந்த ஒரு ஷாட்டை மட்டும் அவள் இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. சின்ன வயதில் கண்ணைப் பொத்திக்கொண்டு காதால் மட்டுமே பார்த்த படம் அது. வளர்ந்த பிறகும் அந்த இடம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த வாரம் முழுக்கக்கூட இடது திரைப் பக்கம் அவள் கண் போகவில்லை. பெற்ற தாய் கதறுவதை யார்தான் உட்கார்ந்து ரசிப்பார்கள்?

இன்றைக்கு வேலை. வேறு வழியில்லை. சத்தத்தை அணைத்தாள், ஓட்டினாள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி ஓட்டினாள்.

அலறல் ஒரே மூச்சில் நீளுகிற ஒன்று. அப்படிக் கத்துகிறவளின் வாய் திறந்தபடியே இருக்க வேண்டும். அம்மாவின் வாய் அப்படி இல்லை. மூச்சுபட்டு மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் உதடுகள் ஒட்டுகின்றன, பிரிகின்றன, மறுபடி ஒட்டுகின்றன. அம்மா கத்தவில்லை, பேசுகிறாள். அந்தக் காலத்தில் தளத்தில் ஒலிப்பதிவு கிடையாது, எல்லாக் குரலும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்ததுதான். கத்திரியோ எட்டு வருஷம் டப்பிங் படங்களுக்கு உதட்டைப் பார்த்து வசனம் பொருத்தியவள். வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு அசைவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "போதும்... போதும்... விரல் மாட்டிக்கிச்சு... நடிக்கல... திறங்க..."

அம்மாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கார் கதவில் நசுங்கியது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒன்றும் ஓடவில்லை. "அம்மா, அந்த அலமாரிக்குள்ள நீ என்ன பேசற?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா பத்திரிகையை மடியில் வைத்தாள்.

"முப்பத்தாறு வருஷமா ஒருத்தரும் கேக்கல" என்றாள். "கயிறு கட்டிக் கதவை இழுத்தாங்க. கீல் பக்கம் கை இருந்துச்சு. வெளிய கேமரா சத்தம், காத்தாடி சத்தம். யாருக்கும் ஒண்ணும் கேக்கல."

"அப்பாவுக்குமா?"

"கண்ணாடிக்கு நேரா நின்னாரே. அவருக்குத் தெரிஞ்சுது. நான் அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். 'கட்' சொல்லல."

"அப்ப அந்தக் குரல்?"

"என் குரல்தான். ரெண்டு மாசம் கழிச்சு. கைல கட்டோட போய் நின்னேன். திரையில நான் கெஞ்சிக்கிட்டிருக்கேன், அதும் மேல நானே கத்தணும். உங்கப்பா பக்கத்துல உக்காந்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னாரு."

"அந்த மனுஷனைப் போய் எப்படிம்மா கட்டிக்கிட்ட?"

அம்மா சிரித்தாள். "படம் ஓடு ஓடுன்னு ஓடிச்சு. பெரிய நடிகைன்னு தலைல தூக்கி வச்சு ஆடினாங்க. நான் நடிக்கலைன்னு யார்கிட்டடி சொல்றது? நிஜம் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாரும் அடுத்த படத்துலயும் அப்படியே பண்ணுன்னு கேட்டாங்க. எங்கேர்ந்து கொண்டுவருவேன்? எனக்குத்தான் நடிப்பே வராதே. மானம் போறதுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டு உக்காந்துட்டேன்."

அப்போது கத்திரியின் போன் அடித்தது. அப்பா.

"கத்திரி, அம்மாவைக் கூட்டிக்கிட்டு சீக்கிரம் கீழ வா. ஷாட் ரெடி." அவர் குரலில் குஷி தாங்கவில்லை. "அந்தப் பொண்ணுக்குத் தெரியாம அலமாரிக்கு வெளித் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லிட்டேன். உள்ள போனதும் பூட்டிருவாங்க. என்ன கத்தினாலும் நான் சொல்ற வரைக்கும் 'கட்' சொல்லக் கூடாதுன்னு டைரக்டர்கிட்ட சத்தியமே வாங்கிட்டேன். இப்பப் பாரு, பயம் எப்படி வருதுன்னு!"

அவள் போனை அணைக்கக்கூட நிற்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். பின்னால் அம்மாவும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். இரண்டு மாடி. தளத்தின் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் உள்ளே போகக் கூடாது என்பது கத்திரி பிறந்ததிலிருந்து அறிந்த சட்டம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே அந்த அலறல் கேட்டது. ஒத்திகையில் முனகியவளா இவள்? கேட்டவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. விளக்குப் பிடித்திருந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் கோணி, கண் பிதுங்கி, உதடுகள் ஒட்டிப் பிரிந்து, "போதும், திறங்க, திறங்க" என்று கெஞ்சின. டைரக்டர் வெளிறிப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, விருந்துச் சாப்பாட்டை ருசிப்பவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கட்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள் கத்திரி. எடிட்டர் 'கட்' சொல்லி அந்தத் தளம் கேட்டதே இல்லை. எல்லோரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

புதுப் பெண் நிதானமாக வெளியே வந்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"ஏங்க்கா நிறுத்தினீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?"

கத்திரி அவள் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பத்து விரலும் பத்திரமாக இருந்தன. "உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்கம்மா" என்றாள், மூச்சு வாங்க.

"தெரியுமே. தாழ்ப்பாள் வைக்கச் சொன்னதும் தச்சர் அண்ணன் காலையிலயே என்கிட்ட வந்து சொல்லிட்டாரு. பின்பக்கப் பலகையைக் கழட்டி வச்சிருக்காரு, தள்ளினாத் திறந்துக்கும். கீல் இடுக்குலயும் ரப்பர் வச்சுட்டாரு."

"அப்ப ஒத்திகையில ஏம்மா அப்படி?" என்று திக்கித் திணறிக் கேட்டார் டைரக்டர்.

"ஒத்திகையிலயே முழுசாக் கத்தினா டேக்குக்குத் தொண்டை இருக்காது சார்."

டைரக்டர் எடுத்ததைத் திரும்ப ஓட்டச் சொன்னார். மானிட்டரைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். கத்திரி, மகள் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, எடிட்டராகப் பார்த்தாள். அசலைவிட இது ஒரு படி மேலே இருந்தது. அசலில் வலி மட்டும்தான். இதில் அந்தப் பெண் முதலில் நம்பவில்லை, பிறகு நம்புகிறாள், பிறகு கெஞ்சுகிறாள், கடைசியில் யாரும் திறக்கப்போவதில்லை என்று புரிந்துகொள்கிறாள். எல்லாமே அந்த முகத்தில் வரிசையாக வந்தது.

அப்பா ஹெட்போனைக் கழற்றினார். அவர் முகத்தில் குஷி இல்லை. "இது... நடிப்பா?" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்தாள். அவள் பார்த்தது புதுப் பெண்ணைத்தான்.

"உள்ள உனக்குக் கொஞ்சம்கூட பயமா இல்லையாம்மா?"

"இல்லம்மா."

"வலி எதுவும்?"

"ஐயோ, இல்லம்மா. நடிச்சேன்."

"அவ்வளவுமா?"

"அவ்வளவும்."

அம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். கத்திரி அவள் தோளைப் பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். கோபமாகத் திட்டியிருந்தால்கூடக் கத்திரிக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. அம்மா கடையில் ஏதோ விசாரிக்கிறவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இதை நடிக்க முடியுமாமே."

அப்பா ஹெட்போன் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வராதுன்னு நினைச்சுத்தானே இத்தனை வருஷம் வீட்டுல உக்காந்துட்டேன். ஒரே ஒரு தடவை நடின்னு சொல்லியிருந்தா, நானும் நடிச்சிருப்பேன். நீங்க சொல்லவே இல்லையே."

அப்பா நாற்காலியின் கையைத் தடவித் தேடி உட்கார்ந்தார். டைரக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் சாப்பிடப் போகலாம் என்றார். ஒருத்தரும் நகரவில்லை.