பகல் தூக்கத்துக்கு ஒரு சுவர்

அவள் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். ஊர் எழுந்த பிறகுதான் படுப்பாள். வாடகை வீட்டின் மேற்குச் சுவர் மதியத்துக்கு மேல் அடுப்பாய்க் காயும். தெருவில் அடிக்கும் ஹாரனெல்லாம் தலையணைக்குள்ளேயே கேட்கும். சொந்த வீடு கட்டுவதென்று முடிவானதும், கணக்கு வாத்தியாரான அவள் கணவர் முதலில் சுவரைத்தான் ஆராய ஆரம்பித்தார்.

வெப்பம் தடுக்கும் வெளிச்சுவர்களில் மூன்று வகை கைக்கெட்டும்படி இருந்தன. தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகைச் சுவர் ஒன்று. செங்கல் சுவருக்கு வெளியே நுரை அட்டை ஒட்டிப் பூசுவது இன்னொன்று. மூன்றாவது, இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி நடுவில் கல்லை உருக்கி இழையாக்கிய கல்பஞ்சைத் திணிப்பது. அவளுடைய தம்பி கட்டட மேற்பார்வையாளன். மூன்று வகையிலும் வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரைத்தூக்கத்தில் இருந்தவளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்கள்.

பலகைச் சுவர் வைத்த முதல் வீட்டில் வாத்தியார் வெப்பமானியைப் பார்த்துத் துள்ளினார். "வெளியில முப்பத்தெட்டு, உள்ள முப்பதுதான்! இதுதான்டா மாப்ள."

"சுவரும் ஒரே வாரத்துல நின்னுடும் மாமா," என்றான் தம்பி.

மற்ற இரண்டிலும் முப்பத்தொன்று. இரட்டைச் சுவர் வீட்டுக்கு வெளியே நின்று வாத்தியார் டேப்பால் தடிமனை அளந்தார். "அறை சுருங்கிடுமேடா. என் மேஜையை எங்க போடறது?" அதைக் கேட்டபடியே அவள் உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் கத்தியது. வெளியே நின்ற இருவரும் காதருகே கத்திப் பேச வேண்டியிருந்தது. பேசி முடித்து உள்ளே போனால், அவள் மூலையில் சுவரில் சாய்ந்து, மடியில் கைப்பையோடு, வாய் லேசாய்த் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பது போலிருந்தது.

"கனமான சுவர் மாமா, நடுவுல பஞ்சு வேற. சத்தத்தை உள்ள விடாது," என்று தம்பி கிசுகிசுத்தான்.

வாத்தியார் வெப்பமானியைப் பைக்குள் போட்டார். "நான் சூட்டை மட்டும்தானே அளந்தேன்," என்றார். கதவை மெல்லச் சாத்திவிட்டு வாசலில் கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்தார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவள் பதறிக்கொண்டு வந்தாள். "எழுப்பக் கூடாதா? மானம் போகுது! சரி, எந்தச் சுவர்னு முடிவு பண்ணீங்க?"

"நீ முடிவு பண்ணிட்டியே."

"அறை சின்னதாயிடும்னீங்களே. எனக்காக மட்டும் வேண்டாங்க."

"பதினோரு வருஷமா நீ சரியாத் தூங்கலை. எனக்குத் தெரியும். ஆனா அதுக்கு ஒண்ணும் பண்ணலை." தம்பி டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமானான்.

அப்படியே கட்டினார்கள். குடிவந்த முதல் மூன்று நாளும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அமைதியே உறுத்தியது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துப் புரண்டாள். நாலாம் நாள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தவள், மாலை ஐந்துக்குத்தான் எழுந்தாள்.

"வாசலெல்லாம் ஈரமா இருக்கே, மழையா?"

"இடியோட ரெண்டு மணி நேரம் கொட்டுச்சு," என்றார் வாத்தியார்.

"பொய் சொல்லாதீங்க," என்று சொல்லிக்கொண்டே, தலைமுடியை அள்ளி முடிந்தபடி படியிறங்கி, ஈரத்தில் வெறுங்காலோடு நின்றாள்.