கழுவாத ரிவால்வர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எம்ரிஸ் வீட்டுக்குள் நுழையும்போது அவன் கையில் வேறொருத்தி வீட்டுச் சோப்பு மணக்கும். எலுமிச்சை. அவன் மனைவி ஆல்வென் பாத்திரம் கழுவ வாங்குவது பச்சை ஆப்பிள் வாசம். அவன் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அந்த எலுமிச்சை கூடத்தைக் கடந்து அடுப்படிக்கு வந்துவிடும். அவள் உருளைக்கிழங்கை வேண்டியதற்கு மேல் அழுத்தி மசிப்பாள்.

யாரையும் குறைசொல்ல முடியாது. துரத்திவிட்டது அவளேதான்.

கரிமருந்து போட்டுச் சுடுகிற பழைய பாணி ரிவால்வரை, சுட்ட அன்றைக்கே கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவியாக வேண்டும். உள்ளே படிந்த புகைக்கரி காற்றின் ஈரத்தை இழுத்து, விடிவதற்குள் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். கழுவியதை அடுப்புக்குள் இளஞ்சூட்டில் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். அந்த மலையோர ஊரில் துப்பாக்கி சுடும் சங்கத்து ஆண்கள் எல்லோரும் இதைச் சமையலறை சிங்க்கில்தான் செய்தார்கள். அப்போது எழும்பும் அழுகின முட்டை நாற்றத்தை மனைவிகள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்கள். ஆல்வெனும் பொறுத்தாள். ஒருமுறை எம்ரிஸ் ரிவால்வரின் குண்டு போடும் உருளையை அடுப்புக்குள்ளேயே மறந்துவிட்டான். மறுநாள் சர்ச் விழாவுக்காக அவள் அதே அடுப்பில் கேக் வைத்தாள். பாதிரியார் ஒரு துண்டு வாயில் போட்டு, மென்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "முட்டை எங்க வாங்கினீங்க, மிஸஸ் புராஸர்?"

ஊரிலேயே நல்ல முட்டை போடுவது ஆல்வெனின் கோழிகள். அது பாதிரியாருக்கும் தெரியும்.

"உன் பீரங்கி இனிமே என் அடுப்படிக்குள்ள வரக்கூடாது" என்றாள் அன்றைக்கே.

அடுத்த ஞாயிறே சங்கத்துச் செயலாளர் தெல்மா ஹாட்லி, கணவனை இழந்தவள், சுடும் திடலுக்கு அடுத்த வீட்டுக்காரி, "என் சிங்க் சும்மாதானே கெடக்கு, வா எம்ரிஸ்" என்றாளாம். அவனே வந்து சொன்னான். மறைக்கத் தெரியாதவன். மறைத்திருந்தால்கூட ஆல்வெனுக்குத் தேவலை போலிருந்தது. சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

"அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"பேச என்ன இருக்கு? தேய்ப்போம்."

"இவ்வளவு நேரமாவா?"

"நல்லா தேய்க்கணும்ல பொண்ணே."

இப்படியே வருஷங்கள் போயின. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் சீக்கிரமே வந்துவிட்டான். கூடத்துக்குள் வந்தது எலுமிச்சை இல்லை; வெறும் புகை நாற்றம், அழுகின முட்டை நாற்றம். "தெல்மா வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டாள். "இல்ல, அசதியா இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ரிவால்வரை அப்படியே இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஆல்வென் பாட்டுப் பாடிக்கொண்டே தேநீர் போட்டாள். ஜாம் பாட்டில் புதிதாகத் திறந்தாள். தெல்மாவோடு ஏதோ சண்டை போலிருக்கிறது, முடிந்தது அவள் கதை என்று நினைத்தாள். அவன் தன் தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்தான். பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் குறையவில்லை.

காலையில் எம்ரிஸ் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீடு காலியானதும் தெல்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். துக்கம் விசாரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஆல்வென், அவன் அன்னிக்குக் கழுவாமலே கொண்டுபோயிட்டான். அப்படியே விட்டா கெட்டுப்போயிடும். நான் வந்து, ஒரு அரைமணி நேரம்…"

"மண்ணு கூட இன்னும் காயல தெல்மா. அதுக்குள்ள சாமான் கேட்டு வந்துட்டியா?"

"எனக்கு வேணும்னு சொல்லல—"

ஆல்வென் ரிசீவரை வைத்தாள். அதன்பின் இன்னொரு முறை மணி அடித்தபோது எடுக்கவேயில்லை.

போலீஸ் நிலையத்திலிருந்து வந்து, துப்பாக்கிக்கு வேறு உரிமக்காரரைப் பார்க்கும்வரை அவளே பூட்டி வைத்திருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

குளிர் தொடங்கியதும் கோழிக்கொட்டகைக்கு எலி வந்தது. எம்ரிஸ் இருந்தால் ஜன்னல் வழியாகக் காற்றுத் துப்பாக்கியில் அடிப்பான். அவனுடையது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற பழைய ரகம். ஆல்வென் முழங்காலில் வைத்து அழுத்தியும் பாதி தூரம்கூட வரவில்லை. நகரத்தில் கிளைவ் என்பவனின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

கிளைவ் அவள் மணிக்கட்டைப் பார்த்தான், தோளைப் பார்த்தான். "மிஸஸ் புராஸர், உங்களுக்கு ஸ்பிரிங் வேண்டாம். இது பாருங்க. காத்தை முன்கூட்டியே அடைச்சு வச்சுக்கிறது. கடையிலயே ரொப்பித் தர்றேன். இழுக்க வேண்டாம், அடிக்கும்போது உதைக்காது, சத்தமும் கம்மி. தோள்ல வைக்கிற கட்டை குட்டை, உங்க கைக்குச் சரியா வரும்."

அவள் தோளில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது மாதிரி கன்னம் போய் உட்கார்ந்தது. மூச்சுவிட்டபோது குறி அசையவில்லை. "நல்லா இருக்கே" என்றாள், எம்ரிஸ் போனபிறகு முதல்முறையாக ஒரு பொருளைப் பார்த்து.

"சொன்னேன்ல! தெல்மா ஹாட்லிகூட இதேதான் வச்சிருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே உயரம், ஒரே கை."

ஆல்வென் அதை மேசைமேல் வைத்தாள். "வேற காமி."

"வேறன்னா… இதவிட உங்களுக்கு—"

"அதோ, அது."

"அது ஸ்பிரிங்குங்க. என் மச்சானே அதை மடக்க முக்குவான்."

"எம்ரிஸ் புராஸர் பொண்டாட்டிக்குத் துப்பாக்கி தூக்கத் தெரியாதுன்னு சொல்றியா?"

கிளைவ் அந்தக் கனத்ததைக் கட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அதைக் கதவிடுக்கில் கொடுத்து மடக்கப் பார்த்தாள். கதவுதான் பெயர்ந்தது. அந்த வாரம் எலி இரண்டு கோழிக்குஞ்சுகளைக் கொண்டுபோயிற்று. ஆல்வென் கொட்டகையில் நின்று, தெல்மாவைத் திட்டிக்கொண்டே சிறகுகளைப் பொறுக்கினாள்.

அப்போதுதான் முடிவெடுத்தாள்: ரிவால்வரைக் கிளைவிடம் கொடுத்து முகம் தெரியாத யாருக்காவது விற்றுவிடச் சொல்வது. தெல்மா கண்ணிலேயே அது படக்கூடாது. பெட்டியைத் திறந்தாள். துணியைப் பிரித்தாள்.

எம்ரிஸ் கண்ணாடி மாதிரி வைத்திருந்த குழல் செங்கல் நிறத்தில் இருந்தது. உருளையைத் திருப்பினாள், திரும்பவில்லை. குண்டை அடிக்கிற சுத்தியலைப் பின்னால் இழுத்தாள், இறுகிக் கிடந்தது. துரு விரலில் ஒட்டி வந்தது. தெல்மாவுக்குக் கொடுக்கக்கூடாது என்று பூட்டி வைத்தது இதைத்தான். அவன் கடைசியாகத் தொட்ட பொருள். அவன் அசதியில் விட்டுப்போன ஒரே வேலை. அரைமணி நேர வேலை.

சமையலறை நாற்காலியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"தெல்மா. அது கெட்டுப்போச்சு."

"எடுத்துட்டு வர்றியா?"

"இல்ல. நீ வா. என் சிங்க்ல."

தெல்மா ஒரு பையோடு வந்தாள்: திருப்புளி, மரச்சுத்தி, பித்தளைத் தூரிகை, எண்ணெய்ப்புட்டி. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து மஞ்சள் சோப்புப் புட்டியை எடுத்தாள்.

"அதை உள்ள வை. என் வீட்ல சோப்பு இருக்கு."

தெல்மா அதைப் பைக்குள் வைத்தாள். துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, உருளையைப் பிடித்திருந்த ஊசியை உருவினாள் தெல்மா. உருளை கடைசியில் கையோடு வந்தது. கெண்டி கெண்டியாக வெந்நீர் ஊற்றினார்கள். அந்த நாற்றம் எழும்பியது. ஆல்வென் ஜன்னலைத் திறக்கவில்லை.

தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், கேட்டாள்: "உங்களுக்குள்ள ஏதாவது இருந்துச்சா?"

தெல்மாவின் தூரிகை நின்றது. "என் பக்கம் இருந்துச்சு."

"அவன் பக்கம்?"

"கேக்கல. கேட்டா வர்றதை நிறுத்திடுவானோன்னு பயம்."

ஆல்வென் தூரிகையை இன்னும் அழுத்தினாள். எதிர்பார்த்த கோபம் வந்தது; ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. இவளும் ஞாயிறு முழுக்கக் காத்திருந்தவள்தான்.

"என்ன பேசுவான்?"

"கோழி."

"என்னது?"

"உன் கோழிங்களைப் பத்தித்தான். எது அடை காக்குது, எது முரண்டு பிடிக்குது, நீ எதை என்ன சொல்லித் திட்டினேன்னு. எனக்கு அதுங்க பேரெல்லாம் மனப்பாடம்."

"என்கிட்ட அவன் கோழியைப் பத்திப் பேசினதே இல்ல."

"உன்கிட்ட எதுக்குப் பேசணும்? நீதான் கூடவே இருந்தியே."

ஆல்வெனுக்கு அது ஆறுதலாக இல்லை. அவன் பேச்சு இவளிடம் போயிருக்கிறது. தனக்குத் தேநீர்க் கோப்பையும் மௌனமும்தான் கிடைத்தன. இருந்தாலும் அவள் துணியை நீட்டினாள், தெல்மா துடைத்தாள்.

வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்துவிட்டுத் தெல்மா சொன்னாள்: "உள்ள குழி விழுந்துருச்சு. சுடலாம். ஆனா முன்ன மாதிரி நேராப் போகாது."

"நீயே வச்சுக்கோ. போலீஸ்ல சொல்லி உன் உரிமத்துல இதுக்கு இடம் கேட்டு வாங்கிக்கோ."

தெல்மா நம்பாமல் பார்த்தாள்.

"சும்மா இல்ல. நீ இதைச் சுடற ஞாயித்துக்கிழமையெல்லாம் இங்க கொண்டுவந்துதான் கழுவணும். என் சோப்புல. அப்புறம் உன் ஏர்கன்னை எடுத்துட்டு வா, எலியை ஒரு கை பாக்கணும்."

"நீயே ஒண்ணு வாங்கினதா கிளைவ் சொன்னானே?"

"அது கதவைத்தான் பேத்தெடுக்குது."

தெல்மா சிரித்துவிட்டாள். ஆல்வென் சிரிக்கவில்லை. துண்டில் வரிசையாகக் கிடந்த இரும்புகளைத் தட்டில் அடுக்கி, அடுப்பை இளஞ்சூட்டில் வைத்து, தானே உள்ளே தள்ளினாள். "எடுக்க மறந்துடாத" என்றாள் தெல்மா.

"மறக்கறது அவன்" என்றாள் ஆல்வென்.

கையை முகத்தருகே கொண்டுபோனாள். அழுகின முட்டையும் பச்சை ஆப்பிளும். அந்தக் கேக்குக்கு முன்பு எம்ரிஸின் கை இப்படித்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவளின் கையிலும் இப்போது அதே வாசம் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கெண்டியை மறுபடி அடுப்பில் வைத்து, இரண்டு கோப்பைகளை எடுத்தாள்.