சுங்கை ரம்பாய்க் கிடாரிகள்

…செத்துரும் துரை, அனுப்ப வேணாம், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை என்று சுங்கை ரம்பாயில் பஸ் ஏறும்போதே கந்தசாமி முடிவு கட்டிவிட்டான், முடிவு கட்டின மனுஷன் அதையே திரும்பத் திரும்ப வாய்க்குள் உருட்டிக்கொண்டு வருவானா, மெர்லிமாவ் வருவதற்குள் தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாயிற்று… காட்டுமிருகங்களைக் காக்கிற கேம் ஆபீசில் ரேஞ்சர் என்று பேர்தான் பெரிசு, கம்யூனிஸ்டுக் கலவரம் தொடங்கினதிலிருந்து பட்டாளத்துக்காரன் பாஸ் கொடுத்தால்தான் காட்டுக்குள் கால் வைக்கலாம், இவனுக்கு ஒன்று கிடைத்தது, துரைக்கு அதுவும் கிடையாது, அவர் மலாக்காவில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நீதான் கண்ணால் பார்த்தவன், நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார், என்ன பெரிய மனசு, பாரத்தைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைக்கிற பெரிய மனசு! விஷயம் என்னவோ சின்னதுதான். இந்தப் பக்கத்துக் காட்டில் செலாடாங் என்கிற காட்டுமாடு மூன்றே மூன்று மிச்சம், ஒரு கிழப்பசு, இரண்டு கிடாரிகள், காளை போன வருஷம் பட்டாளத்துக் குண்டில் விழுந்தது, புதர் அசைந்ததும் மனுஷன் என்று நினைத்துச் சுட்டானாம். பகாங்கில் ஒரு காட்டில் காளைகள் இருக்கின்றன, பசு ஒன்றுகூட இல்லை. கிடாரிகளைப் பிடித்து லாரியில் ஏற்றி அங்கே விட்டால் கன்று பிறக்கும், கூட்டம் தழைக்கும், இங்கேயே விட்டுவைத்தால் இங்கேயும் அற்றுப்போகும், அங்கேயும் அற்றுப்போகும். காளையை இங்கே கொண்டுவரலாமே என்றால், எங்கே கொண்டுவருவது, மலாக்காவில் கலவரம் ஓய்ந்ததென்று கெடுபிடியை எடுத்து வெள்ளைப் பகுதியாக்கப் போகிறார்களாம், ஆக்கின மறுநாளே மரம் வெட்டுகிறவன் உள்ளே வந்துவிடுவான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட அனுப்பு என்றுதான் சொல்லும்.

ஆனால் அந்தச் சத்தம், அதை யாரிடம் போய்ச் சொல்வது… போன மழைக்காலத்தில் வேறொரு காட்டில், மிருகங்கள் உப்பு மண்ணை நக்க வருகிற உப்பூற்றைச் சுற்றி வேலி அடைத்து ஓர் இளங்காளையைப் பிடித்தார்கள், புல் தின்னவில்லை, தண்ணீரை மோந்துகூடப் பார்க்கவில்லை, லாரியில் ஏற்றினால் பலகையில் தலையை முட்ட ஆரம்பித்தது, தொம், கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடி தொம், முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கந்தசாமியின் முதுகுத்தண்டில் வந்து இறங்கும் ஒவ்வொன்றும், பிறகு சத்தம் நின்றுபோனது, பழகிவிட்டது போலிருக்கிறது என்று டிரைவரிடம் இவன்தான் சொன்னான், சந்தோஷமாய்ச் சொன்னான். இறங்கிப் போய்ப் பலகை இடுக்கில் கையை விட்டபோது மூக்கு ஈரமாய்த்தான் இருந்தது, மூச்சுதான் இல்லை. இதோ இந்தப் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்சீட்டுக்குக் கீழே எதுவோ முட்டுகிறது, ஸ்பேர் டயராய் இருக்கும், டயர்தான், திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை. காலையில் உப்பூற்றில் சின்னக் கிடாரி தலையைத் தூக்கி இவனைப் பார்த்தது, வாயில் மண், வெள்ளைக் காலுறை போட்ட மாதிரிக் கால்கள், பார்த்த பிறகும் ஓடவில்லை, வா என்று கையை நீட்டினால் கூடவே வந்துவிடும் போல நின்றது… அவளும் அப்படித்தான் வந்தாள், கையை நீட்டினதும், எங்கே என்றுகூடக் கேட்காமல்.

மகள் ராஜம்மா அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த பிள்ளை. ஜப்பான்காரன் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, சிரம்பான் எஸ்டேட்டிலிருந்து அக்கா ராமாத்தாள் வந்து இவன் முன்னால் உட்கார்ந்தாள், ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போய்ச் சயாம் ரயில்பாதை போட்ட இடத்தில் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவள், அழக்கூட இல்லை, "ஒனக்கு மூணு இருக்கு தம்பி, எனக்கு ஒன்னக் குடு, அந்த வீட்டுல வெளக்கு வைக்க ஆளில்ல" என்றாள். கூடப்பிறந்தவள் மடி ஏந்தினால் எப்படி மாட்டேன் என்பது? பெண்டாட்டி இருசம்மாள் பிள்ளைக்குத் தலைவாரி இழுத்துப் பின்னிவிட்டாள், பிள்ளைக்கு வலித்திருக்கும், அவ்வளவு இறுக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரவில்லை. பிள்ளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அப்பா அப்பான்னு அழுதுக்கிட்டே போச்சு என்று திரும்பி வந்து சொன்னது இவன்தான், சொல்லிச் சொல்லி இவனுக்கே அந்த அழுகை கேட்க ஆரம்பித்துவிட்டது, தூக்கத்தில், காட்டில், உப்பூற்றுப் பக்கம் ஒளிந்திருக்கும்போது. அழவில்லை, கடவுளே, எங்கே அழுதாள், அத்தை வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வேடிக்கை பார்த்தாள், பஸ் வளைவில் திரும்புகிறவரை இவன் நின்றான், அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ரோட்டில் தடுப்பு, எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். போலீஸ்காரன் மூட்டைகளைக் குத்திப் பார்க்கிறான், காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதாம், பதுக்கி வைக்க முடியாதபடி கடைக்காரன் ஏற்கெனவே ஓட்டை போட்டுக் கொடுத்த பால் டின், பக்கத்தில் நின்ற அம்மாவின் பையெல்லாம் வடிகிறது. "ரேஞ்சர் தம்பிதானே? எங்க தோட்டத்து லயத்து வீடுங்களக்கூட முள்கம்பிக்குள்ள கொண்டாந்துட்டாங்க லா" என்றாள், கேட்காமலே. "விடியக்காலம் லாரில அள்ளிப் போட்டாங்க. செத்துருவோம்னுதான் நெனச்சோம்." பிறகு? "பொறகு என்ன, பழகிப்போச்சு. கேட்டோரமா கத்திரி வெச்சேன், பழைய எடத்தவிட நல்லா காய்க்குது." விரலில் வழிந்த பாலை நக்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கந்தசாமிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பழகிப்போச்சாம், அதை இவ்வளவு லேசாகவா சொல்வது, அந்தப் பழைய லயம், வாசல், வளர்த்த கோழி, செத்தவர்களைப் புதைத்த இடம், எல்லாவற்றுக்கும் பதில் ஒரு கத்திரிக்காயா? போன மாசம் சிரம்பானுக்குப் போயிருந்தான். ராஜம்மா வளர்ந்து, கன்னம் உப்பி, தாவணி போட்டு நின்றாள், ராமாத்தாளின் வீடு வீடாய் இருந்தது, அடுப்பில் ஏதோ வெந்தது. "வாங்க மாமா, காப்பி எடுங்க" என்றாள். சரிதானே, ராமாத்தாள் அவளுக்கு அம்மா என்றால் அம்மாவின் தம்பி மாமாதானே, அதில் என்ன தப்பு, யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி இல்லை, தானாய் வந்தது, சிரிப்போடு வந்தது. வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

மலாக்கா ஆபீஸ் படியில், கணக்கு எழுதுகிற கிராணி கணேசமூர்த்தி பிடித்துக்கொண்டான். "என்னண்ணே, அனுப்பலாமா வேணாமா? துரை காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காரு, லாரிக்குச் சொல்லணும்." செத்துரும் என்று சொல்ல வாயைத் திறந்தான். செத்துப்போனால்… அதைத் தாங்கிக்கொள்வான், இளங்காளைக்கு அழுத மாதிரி அழுவான், நான் அப்போதே சொன்னேனே என்பான், அந்தத் துக்கம் அவனுக்குப் பழக்கமானது. பிழைத்துக்கொண்டால்? பகாங்கில் இறங்கி, கொஞ்ச நேரம் மருண்டு நின்றுவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தக் காளையோடு சேர்ந்து கன்று போட்டு, இந்தக் காட்டையும் கிழப்பசுவையும் துடைத்தாற்போல் மறந்துவிட்டால்? அப்போது இவன் யார்? போன இடத்தில் பிள்ளை நல்லா இருக்கணும் என்று இத்தனை வருஷமாய் மாரியம்மன் முன்னால் கைகூப்பி நின்றவன்தான், அதே கைகூப்பலில், கொஞ்சமாவது ஏங்கட்டும் தாயே, ஏங்கி ஒருநாள் திரும்பி ஓடி வரட்டும் என்றும் வேண்டியிருக்கிறான், வருஷம் தவறாமல் வேண்டியிருக்கிறான், அது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது. "அண்ணே, லாரிக்கு என்ன சொல்லட்டும்?" என்றான் கணேசமூர்த்தி. உள்ளேயிருந்து துரை பேர் சொல்லிக் கூப்பிட்டார், கந்தசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினான், எந்த வேண்டுதலுக்காகப் பேசப்போகிறோம் என்று அப்போதும் அவனுக்குத் தெரியவில்லை.