மஞ்சள் பூசிய பூட்டு

விடிவதற்கு முன்பே வேனைத் தள்ளுவது எங்களுக்கு அடுப்புப் பற்றவைப்பது போல அன்றாட வேலை. கரும்பு லாரிகள் உழுது போட்ட பாதை அது. முந்தின ராத்திரி ஒரு தூறல் விழுந்தால் போதும், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சேலையை ஏற்றிச் செருகி, சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாரனகொப்பலு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தோள் கொடுப்போம். சேறு பீய்ச்சியடித்து வாய்க்குள் போகும். துப்பிவிட்டுத் தள்ள வேண்டும்.

கை வைக்க வேறு இடம் கிடையாது. பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னி டயரின் மேல்தான் வைக்க வேண்டும். ஊர் நாய்களெல்லாம் காலைத் தூக்குவதும் அதன் மேல்தான். தள்ளி முடித்துக் கையை மோந்து பார்த்தால் குமட்டும். சீ! அந்தக் கையோடு போய்த்தான் கார்மென்ட்ஸில் வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைப்போம்.

"தள்ளுங்கடி! ராத்திரி களி தின்னீங்களா, காத்தைத் தின்னீங்களா?" என்று தாயம்மா கத்துவாள். எங்களில் மூத்தவள், தொண்டையும் பெரிது.

"நான் களிதான் தின்னேன்க்கா. இந்த வேன்தான் கௌடரு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு மல்லாந்து கெடக்குது" என்பாள் மங்களா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். காலரைத் திருப்பித் தைப்பதில் அவள் விரலுக்கு ஈடு எங்கள் வரிசையிலேயே இல்லை. அவள் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே தள்ளினால் வேன் எப்படியும் மேட்டில் ஏறிவிடும்.

அந்த ஸ்டெப்னி பின்கதவுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வேன் முதலாளி சென்னேகௌடர் எப்படிப்பட்ட மனுஷன் என்று தெரியும்.

முதலில் அது வண்டிக்கு அடியில் தொங்கியது. வண்டியைச் செய்தவன் அதற்கென்று அங்கேதான் இடம் வைத்திருக்கிறான். மாரியம்மன் திருவிழாவில் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். புதுசு வாங்கிக் கூரையில் ஏற்றினார். ஆனால் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கூரையில் சந்தை மூட்டை ஏற்றுவது கௌடர் வழக்கம். டயர் இருந்தால் இரண்டு மூட்டை குறைகிறதாம். இறக்கி உள்ளே, கடைசி சீட்டுக்குப் பின்னால் போட்டார். அதன்மேல் உட்கார்ந்து போனோம், சேலையெல்லாம் கரி. அதையும் பொறுத்துக்கொண்டோம். பிறகு அந்த இடத்தில் ஒரு பெஞ்சைத் திணித்தால் இன்னும் நாலு பேரை ஏற்றலாமே என்று அவர் புத்தி வேலை செய்தது. இரும்புச் சட்டம் ஒன்றைப் பின்கதவில் பற்றவைத்து டயரை அதில் மாட்டினார். திருடன் பயம் வேறு. டயருக்குள்ளே விட்ட சங்கிலியை இரண்டு கதவின் கைப்பிடிக்கும் சேர்த்துச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் போட்டார்.

"கதவு தெறக்காதே, எஜமான்" என்றார் டிரைவர் லிங்கராஜு.

"பின்பக்கமா யாருடா எறங்கப் போறா? ஆடா, மாடா?" என்றார் கௌடர்.

ஆயுதபூஜை வந்தது. எங்களை ஏற்றிப்போகிற வண்டியாயிற்றே என்று நாங்கள்தான் கழுவினோம். முன்னால் வாழைக்கன்று கட்டினோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். டயருக்கு மாலை போட்டோம். இரும்பு என்றால் அன்றைக்கு அது சாமிதானே, பூட்டை மட்டும் விடுவானேன்? குழைத்த மஞ்சளை அதன் முகம் முழுக்க அப்பி, நடுவில் இருந்த ஓட்டையில் கட்டைவிரலால் அழுத்திக் குங்குமம் வைத்தோம். பொட்டு வைக்க வாகான இடமாக அது இருந்தது. கௌடர் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்குக் கொஞ்சம் பொரியும் கடலையும் கொடுத்தார்.

அடுத்த வாரம், இருட்டு பிரிகிற நேரம். கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே கரும்பு டிராக்டர். லிங்கராஜு ஒதுங்கினார், ஊறிப்போன கரை சரிந்தது. வேன் இடப்பக்கமாகக் கால்வாயில் சாய்ந்தது. ஏறி இறங்கும் கதவு அடியில் போய்விட்டது. ஜன்னலெல்லாம் கம்பி. பெண்கள் கையை வெளியே நீட்டுவார்களாம், அதற்காக அதுவும் கௌடர் வைத்ததுதான்.

ஒருத்தி மேல் ஒருத்தி கிடந்தோம். தண்ணீர் உள்ளே ஏறியது. லிங்கராஜு முன்கண்ணாடியை உதைத்து உடைத்து, கையில் கிடைத்தவளையெல்லாம் வெளியே இழுத்தார். கடைசிப் பெஞ்சில் இருந்த மங்களாவால் மட்டும் வர முடியவில்லை. பெஞ்ச் பெயர்ந்து வந்து அவள் வலது கையைப் பின்கதவோடு சேர்த்து நசுக்கியிருந்தது. தாயம்மாவும் நானும் அவளை விட்டு வரவில்லை. பெஞ்சை உள்ளிருந்து அசைக்க முடியாது. கதவைத் திறந்தால் கை விடுபடும். அவ்வளவுதான் விஷயம்.

"அண்ணா, பின்கதவு! பின்கதவைத் தெற!" என்று கத்தினேன்.

சாவி லிங்கராஜுவிடம் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் சுற்றிக்கொண்டு வந்தார். சங்கிலி சத்தம் கேட்டது. பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"சாவி நுழையல ஜவரம்மா... ஓட்டை பூரா மஞ்சள்... காஞ்சு கல்லாக் கெடக்கு..."

என் கொண்டை ஊசியைக் கம்பி வழியாக எறிந்தேன். அதைக் கொண்டு சுரண்டினார். ஊசி வளைந்தது. தாயம்மா மங்களாவின் தலையைத் தன் தோளில் தாங்கித் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தாள். "அக்கா, கை இருக்கா பாருக்கா, எனக்குத் தெரியல" என்று மங்களா கேட்டுக்கொண்டே இருந்தாள். கரும்பு வெட்டுகிறவர்கள் கடப்பாரையோடு ஓடி வந்து சங்கிலியை அறுத்த பிறகுதான் கதவு திறந்தது. உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல் தப்பவில்லை.

கௌடர் பைக்கில் வந்து இறங்கினார். கரையில் நாங்கள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தோம், மங்களாவின் கையில் என் முந்தானையைச் சுற்றியிருந்தோம். அவர் எங்களைத் தாண்டி நேரே வேனுக்குப் போனார். குனிந்து பார்த்தார்.

"ஸ்டெப்னி எங்கடா லிங்கராஜு?"

தூ! மனுஷன் வாயில் வருகிற முதல் வார்த்தையா அது? நான் கால்வாய் ஓரத்தில் போய் வாந்தி எடுத்தேன்.

கம்பெனியில் போய் நஷ்டஈடு கேட்டோம். வேன் கம்பெனியோடது இல்லை, காண்டிராக்ட் என்றார்கள். மங்களாவின் மிஷினில் அடுத்த நாளே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதம் பால் லாரியிலும் டிராக்டரிலும் தொற்றிக்கொண்டு போய் வந்தோம். பிறகு ஒரு விடியலில் வேன் ஊர் அரசமரத்தடிக்கு வந்து நின்றது. புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கௌடரே முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தார். நாங்கள் முதலில் பார்த்தது பின்பக்கத்தைத்தான். அதே சட்டம், அதே டயர், முன்னைவிடத் தடித்த சங்கிலி, புதுப் பூட்டு.

யாரும் ஏறவில்லை.

"என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? ஏறுங்க, நேரமாச்சு" என்றார் கௌடர்.

"டயரை எடுங்க கௌடரே, ஏறுறோம்" என்றாள் தாயம்மா.

"எடுத்து என் தலையில வெச்சுக்கவா?"

"அடியில தொங்க விடுங்க."

"எவனாவது லவட்டிட்டுப் போவான்."

"கூரையில ஏத்துங்க."

"மூட்டைய உங்கப்பன் சொமப்பானா?"

"அப்ப உள்ளே போடுங்க. பெஞ்சைத் தூக்குங்க" என்றேன் நான்.

"நாலு ஆள் குறையும். எனக்குக் கட்டுப்படியாகாது, ஜவரம்மா. என்னமோ நான்தான் அந்தப் பொண்ணு கையை வெட்டுன மாதிரி பேசுறீங்க. சாவி அவன்கிட்ட இருந்துச்சா இல்லையா? ஓட்டையில மஞ்சளை அப்புனது யாரு? உங்க பக்தி, உங்க கேடு. அதுக்கு நானா பொறுப்பு?"

ஒரு மாதமாக ஒவ்வொருத்தியும் தனித்தனியாக மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்த விஷயத்தை அவர் நடுரோட்டில் எடுத்துப் போட்டுவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மங்களா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். வேலை போனாலும் எங்களை வழியனுப்ப வந்து நிற்பாள். கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மஞ்சள் நாங்க பூசுனோம் கௌடரே. இல்லேன்னு சொல்லல. பூட்டு யாரு போட்டது?"

கௌடர் போனை எடுத்தார். "நீங்க இல்லேன்னா வேலைக்கு ஆளா இல்ல? ஹுலிகெரே ஊர்ப் பொம்பளைங்களை ஏத்திட்டு என்னோட இன்னொரு வண்டி பின்னாடியே வருது. அவங்களை வெச்சே உங்க மிஷினை ஓட்டச் சொல்றேன் மேனேஜர்கிட்ட" என்றார்.

சொன்னபடியே அந்த வண்டி வந்தது. பாதை குறுகல், எங்கள் வேனைத் தாண்டிப் போக முடியாமல் நின்றது. ஹுலிகெரேக்காரிகள் கம்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். எங்களில் யாருக்கும் அவர்கள் பேர்கூடத் தெரியாது. வேன் கவிழ்ந்த சேதி மட்டும் அவர்கள் ஊருக்கும் எட்டியிருந்தது. மங்களா அந்த வண்டிப் பக்கம் போனாள். கையை ஜன்னலுக்கு நேரே காட்டினாள்.

மூக்குத்தி போட்ட ஒருத்தி முதலில் இறங்கினாள். இறங்கி நேரே தங்கள் வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கேயும் டயர், அங்கேயும் சங்கிலி, பூட்டின் மேல் ஆயுதபூஜை மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தங்கள் டிரைவரிடம் கேட்டாள்:

"தம்பி, இது தெறக்குமா?"

அவன் சாவியை வைத்துத் திருகினான். பாதிகூட நுழையவில்லை.

அவள் உள்ளே போய்த் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்தவள் இறங்கினாள். வண்டி முழுக்க இறங்கியது. எங்கள் லிங்கராஜு எஞ்சினை அணைத்துவிட்டு வந்து தாயம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "டேய்!" என்று கௌடர் கத்தியது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்குக் கம்பெனி கேட்டை எங்களுக்கு மூடியிருப்பார்கள். நாளைக்கும் திறப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பயம் இருந்தது, எனக்கும்தான். ஆனாலும் ஒரு காலும் படியில் ஏறவில்லை.

கௌடர் ஹாரனை விடாமல் அழுத்தினார். "கடைசியாக் கேக்குறேன். யாரு யாரு ஏறுறீங்க?"

தாயம்மா வாயைத் திறப்பதற்குள், பேர்கூடத் தெரியாத அந்த மூக்குத்திக்காரி டயரைக் காட்டிச் சொன்னாள்:

"மொதல்ல அது எறங்கட்டும். அப்புறம் நாங்க ஏறுறோம்."

சொல்லிவிட்டு மங்களாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பையைப் பிரித்துக் களியைப் பிட்டு அவள் இடது கையில் கொடுத்தாள்.